தாழ்ப்பாளில் இருந்த ஈயம்

எங்கள் பக்கத்தில் ஈயம் என்ற சொல்லுக்குக் கெட்ட பெயரே கிடையாது. கல்யாணச் சீரில் ஈயச் சொம்பு இல்லாவிட்டால் பெண் வீட்டாரைக் கஞ்சப்பிசினாறி என்பார்கள். அந்தச் சொம்பில் வைத்தால்தான் ரசம், மற்றதெல்லாம் புளித்தண்ணீர். பித்தளை அண்டாவோ குண்டானோ, உள்ளே ஈயம் பூசிய பிறகுதான் அடுப்பில் ஏறும். பூசாததில் புளி பட்டால் பச்சைக் களிம்பு ஏறும். ஆக, எங்கள் ஊர்க் கணக்கில் பித்தளைக்கு வரும் நோய் களிம்பு, அதற்கு மருந்து ஈயம். இந்த ஒரு சொல்லோடு நான் போட்ட சண்டையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஜெயித்தது நான்தான் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை பொறுத்திருந்து அடக்கமாகச் சொல்கிற குணம் எனக்கு இல்லை.

நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். அப்பாவுக்குப் பிறகு அண்ணன் நடத்திய ஹார்டுவேர் கடை அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. மதுரையில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். "படிச்ச புள்ள, கணக்கு வழக்குப் பாத்துக்கிடும்" என்று மாப்பிள்ளை வீட்டில் பெருமையாகச் சொன்னார்கள். கெமிஸ்ட்ரிக்கும் கணக்கு வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் முதலில் பஞ்சு மில்லில் ஃபிட்டராக இருந்தவர். கல்யாணமான கொஞ்ச காலத்தில் வேலையை விட்டுவிட்டு, செட்டியார்பட்டி ரோட்டில் ஒரு ஷெட் பிடித்துச் சொந்தமாகப் பித்தளைப் பட்டறை போட்டார். கதவுத் தாழ்ப்பாள், கீல், கைப்பிடி, கொண்டி. பழைய பித்தளையை உருக்கி மண் அச்சில் ஊற்றுவார்கள், லேத்தில் கடைவார்கள், பஃபிங் சக்கரத்தில் பிடித்துப் பளபளப்பாக்குவார்கள். பேக்கிங் என் பொறுப்பு. ஒவ்வொரு தாழ்ப்பாளையும் டிஷ்யூ பேப்பரில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கும்போது தங்க நகை அடுக்குகிற மாதிரியே இருக்கும். நல்ல சாமான். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவருக்கு வயிற்று வலி வந்தது. சாதாரண வலியில்லை. திடீரென்று முறுக்கும். கட்டிலில் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கிடப்பார். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. வாயில் எப்போதும் ஒரு கசப்பு என்றார். சாப்பாடு இறங்கவில்லை. உள்ளூர் டாக்டர் அல்சர் என்றார், காரம் கூடாது, புளி கூடாது, எண்ணெய் கூடாது என்றார். காரக்குழம்புக்கென்றே உயிர் வாழ்ந்த மனிதர் மோர்ச்சோற்றைப் பிசைந்து பிசைந்து பார்த்துவிட்டு எழுந்துபோவார். அதோடு கோபம். ஸ்குரூ டிரைவரைக் காணோம் என்றால் ஊரையே கொளுத்துகிற கோபம். கல்யாணமானதிலிருந்து என்னை அதட்டிக்கூடப் பேசாதவர், தட்டைத் தள்ளிவிட்டுப் போனார். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

அல்சர் மாத்திரை எதுவும் கேட்கவில்லை. பிறகு டம்ளரைப் பிடித்தால் மணிக்கட்டு தொங்க ஆரம்பித்தது. அது உடம்பு பலவீனம் என்றார்கள். கடைசியில் டாக்டர், "தை பிறக்கட்டும், வயித்தைத் திறந்து பாத்துருவோம்" என்றார். திறந்து பார்ப்பது என்ற வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மார்கழி முழுக்கக் கோலம் போடும்போதுகூட அதுதான் காதில் கேட்டது. அந்த உடம்பு கத்தியைத் தாங்காது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அந்த மார்கழியில்தான் மெட்ராஸ் ஏஜெண்ட் ஒருவர் மூலம் எங்களுக்கு முதல் வெளிநாட்டு ஆர்டர் வந்தது. அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊருக்குக் கதவுக் கைப்பிடி. சரக்கோடு ஒட்டி அனுப்பச் சொல்லி ஸ்டிக்கர் சுருள் வந்திருந்தது. இங்கிலீஷில் எச்சரிக்கை: இந்தப் பொருளில் லெட் இருக்கிறது, உடம்புக்குக் கெடுதி, தொட்டபின் கை கழுவவும். எங்கள் ஆட்களுக்குப் புரிய வேண்டும் என்று ஏஜெண்ட் தமிழிலும் சீட்டு அடித்து ஒரு கட்டு அனுப்பியிருந்தார். அதில், "இப்பொருளில் ஈயம் உள்ளது. தொட்டபின் கைகளைக் கழுவவும்" என்று இருந்தது.

பட்டறையே சிரித்தது. லேத்தில் நிற்கும் அண்ணாச்சி எங்களிடம் முதலில் சேர்ந்தவர், வாயாடி. சீட்டை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார்.

"ஏலே, ஈயத்தைத் தொட்டா கை கழுவணுமாம்லே. அப்ப ஈயச் சொம்புல ரசம் குடிச்சவன் குடலையில்ல கழுவணும்."

என் வீட்டுக்காரரும் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தார். அவர் சிரித்து வெகு நாளாகியிருந்ததால் நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். சீட்டுக் கட்டு ஓரத்தில் கிடந்தது.

அந்த வாரமே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அண்ணன் போன் பண்ணினான். அவன் கடைக்குப் போகும் தாழ்ப்பாள் பெட்டிகளில் யாரோ விளையாட்டாக அந்தத் தமிழ்ச் சீட்டையும் போட்டுவிட்டிருக்கிறார்கள்.

"ஏட்டி, அந்த ஈயச் சீட்டு வச்ச தாழ்ப்பாளு இன்னும் இருக்கா? அதையே கேட்டு வாங்குதாவ. ஈயம் போட்டதாம், களிம்பு ஏறாதாம். சீட்டு இல்லாததை எடுத்துக் காட்டுனா, மட்டமான சரக்கைத் தள்ளப் பாக்கியான்னு கேக்காவ."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போனை வைத்த பிறகும் சிரித்தேன். எச்சரிக்கைச் சீட்டு விளம்பரமாகிவிட்ட அதிசயம் எங்கள் ஜில்லாவில்தான் நடக்கும். பிறகு அடுக்களைக்குள் போய், ரசம் வைக்காமல் சும்மா கிடந்த ஈயச் சொம்பைத் துலக்க எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றது. சிரிப்பும் நின்றது.

இங்கிலீஷ் ஸ்டிக்கரில் இருந்தது லெட். சொம்பு டின். படித்த காலத்தில் டின் வெள்ளீயம், லெட் காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகம். பரீட்சையில் இரண்டுக்கும் தனித்தனியாகக் குணங்கள் எழுதி மார்க் வாங்கியவள் நான். வீட்டுப் பேச்சில் வெள்ளையும் காரும் உதிர்ந்து, வெறும் ஈயம் மட்டும் நின்றுவிட்டது. காரீயம் உடம்பில் ஏறினால் என்ன செய்யும் என்று புத்தகத்தில் ஒரு பத்தி இருந்தது. குடல் முறுக்கும் வலி. ரத்தம் வெளுப்பு. மணிக்கட்டு தொங்கல். எரிச்சல். அந்தப் பத்தி அப்படியே எங்கள் வீட்டுக் கட்டிலில் படுத்துக்கிடந்தது.

அன்று மத்தியானம் சாப்பிட வந்தவரிடம் கேட்டேன். "நீங்க உலையில ஈயம் போடுவியளா?"

"போடாம? பழைய டெலிபோன் கேபிள் உறையை வெட்டிப் போடுவோம். ஈயம் போட்டாத்தான் லேத்துல பிசிறு உதிரும், டூலு வெண்ணெயில போற மாதிரி போவும். இது என்ன புதுசாக் கேக்க?"

ஒரு துண்டு கொண்டுவரச் சொன்னேன். பரணில் ஒரு பழைய சொம்பு கிடந்தது, ரசம் வற்றி அடி உருகிப்போனது. அதிலிருந்து ஒரு பட்டை வெட்டி எடுத்தேன். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் திருப்பிப் போட்டு, கேபிள் துண்டால் ஒரு கோடு இழுத்தேன். பென்சில் கோடு மாதிரி கறுப்பாக விழுந்தது. சொம்புத் துண்டால் இழுத்தேன், சொல்லும்படி ஒன்றும் விழவில்லை. சொம்புத் துண்டை அவர் காதோரம் வைத்து வளைத்தேன், கிறீச்சென்றது. கேபிள் துண்டு சத்தமே இல்லாமல் வளைந்தது.

"இது வேற, அது வேற. நீங்க உருக்குறது விஷம்."

அவர் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "அண்ணன் தம்பில ஒருத்தன் செவப்பா இருப்பான், ஒருத்தன் கறுப்பா இருப்பான். ரெண்டும் ஈயந்தான ஏட்டி?"

"வாயைத் திறங்க" என்றேன்.

கூடத்து ட்யூப்லைட்டுக்குக் கீழே உட்காரவைத்து உதட்டைக் கீழே இழுத்துப் பார்த்தேன். ஈறும் பல்லும் சேருகிற இடத்தில் மை தீட்டியதுபோல ஒரு நீலக் கோடு. புத்தகத்தில் அதுவும் இருந்தது. வெற்றிலைக் கறையாக இருக்கும் என்றார். "நீங்க என்னைக்கு வெத்தல போட்டிய?" என்று கேட்டேன்.

விஷம் எந்த வழியாக உள்ளே போகிறது என்று பார்க்க மறுநாள் பட்டறைக்குப் போனேன். உலைப் புகையை முதலில் பார்த்தேன். அதற்கு மேற்கூரையைத் திறந்துவிட்டிருந்தார்கள், புகை ஓரளவு வெளியே போயிற்று. பஃபிங் சக்கரத்தருகே தூசு இருந்தது. அதற்கு முகத்தில் துண்டு கட்டியிருந்தார்கள். அப்படியானால் எப்படி என்று யோசித்துக்கொண்டு நின்றபோது டீ நேரத்துக்கு மோட்டாரை நிறுத்தினார்கள். சக்கரத்துக்குப் பக்கத்துப் பலகையில் ஒரு தகர டப்பா. லேத்து அண்ணாச்சி அதைத் திறந்து கருப்பட்டியில் ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டார். டப்பா கை மாறியது. எல்லோரும் உடைத்தார்கள். கடைசியாக என் வீட்டுக்காரர், மற்றவர்களைவிடப் பெரிய துண்டாக.

இது மில்லில் இருந்து வந்த பழக்கம். பஞ்சுத் தூசு தொண்டையில் அடைக்காமலிருக்க மில் ஆட்கள் வெல்லமோ கருப்பட்டியோ வாயில் ஒதுக்கிக்கொள்வார்கள். அங்கே தூசு வெறும் பஞ்சு. அதையே இவர் இங்கேயும் கொண்டுவந்து, தூசுக்கு மருந்து என்று சொந்தக் காசில் வாங்கி வைத்திருந்தார். வயிறு வலிக்கும்போது கருப்பட்டி இதமாக இருந்ததாம், அதனால் இன்னும் கூடுதலாகத் தின்றார். நான் டப்பாவை வாங்கி வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன். கருப்பட்டி மேலெல்லாம் பொன்பொடி தூவியதுபோல மினுமினுத்தது. பித்தளைத் தூசு. கழுவாத கை ஒவ்வொன்றும் அதை இழைத்து இழைத்துப் பூசியிருந்தது.

டப்பாவோடு சாக்கடையில் கொட்டினேன். முதலாளி அம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அன்றைக்கே செட்டியார்பட்டி வரைக்கும் பேச்சுப் போனதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். போகட்டும்.

வயிற்றைத் திறக்கவிடமாட்டேன் என்று வீட்டில் சொன்னேன். பெரிய ரகளை. "டாக்டருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுமோ" என்றார்கள் அவர் வீட்டு ஆட்கள். உள்ளூர் டாக்டரை நான் குறை சொல்லவில்லை. வயிற்று வலி என்று வந்தவரிடம் நீ என்ன தொழில் செய்கிறாய் என்று கேட்கும் வழக்கம் அப்போது யாருக்கும் இல்லை. நான் யாரிடமும் வாதாடவில்லை. கேபிள் துண்டையும் அமெரிக்க ஸ்டிக்கரையும் பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்காரரை மதுரைக்குப் பஸ் ஏற்றினேன். வழியெல்லாம் அவர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து முனகிக்கொண்டே வந்தார். கிருஷ்ணன்கோவிலில் வலி முறுக்கியபோது இறங்கித் திரும்பிவிடலாம் என்று கெஞ்சினார். நான் கையைப் பிடித்த பிடியை விடவில்லை.

மதுரையில் பெரிய டாக்டர் ஒருவர். எங்களைப் பேசவிட்டுக் கேட்டார். ஸ்டிக்கரைப் படித்தார், உதட்டை இழுத்து ஈறைப் பார்த்தார், மணிக்கட்டை நிமிர்த்தச் சொன்னார். பிறகு அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க என்னம்மா படிச்சிருக்கீங்க?"

சொன்னேன். "நல்ல வேளை" என்றார். ரத்தம் எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். முடிவு வருகிறவரை நான் சரியாகத் தூங்கவில்லை. என் கணக்குத் தப்பாக இருந்து, உண்மையிலேயே அறுக்க வேண்டிய நோயாக இருந்து, நான் நாளைக் கடத்திவிட்டால் என்ன ஆவது என்ற பயம். தை பிறந்து பொங்கலும் போயிற்று. முடிவு வந்தது. காரீயம்தான், இருக்கக் கூடாத அளவுக்கு. ஆபரேஷன் வேண்டாம், அல்சரே இல்லை என்றார் டாக்டர். அந்த இடத்திலேயே, ஆஸ்பத்திரி வராந்தாவில், வாய்விட்டு அழுதேன். வயிற்று நோய்க்காரர் என்னைத் தேற்றினார்.

விஷத்தை வெளியேற்ற மருந்து கொடுத்தார்கள். உடம்பு தேறும்வரை பட்டறைப் பக்கமே போகக் கூடாது என்று உத்தரவு. ஆகவே பட்டறை என் கைக்கு வந்தது. நான் முதலில் செய்தது வாசலில் இரண்டு குழாய் போட்டு சோப்பு வைத்ததுதான். வேலைச் சட்டை ஷெட்டிலேயே இருக்க வேண்டும், வீட்டுக்குப் போகக் கூடாது. சாப்பாடு வெளியே வேப்பமரத்தடியில், கை கழுவிய பிறகு. தரையைக் கூட்டக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கேபிள் உறை உலையில் ஏறக் கூடவே கூடாது. பழைய பித்தளையில் ஏற்கெனவே கலந்திருக்கும் காரீயத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியாது.

"இது பட்டறையா, கோயிலா? கை கால் கழுவிட்டு உள்ள வா, கழுவிட்டு வெளிய போன்னு சொல்லுதாவ" என்று லேத்து அண்ணாச்சி முணுமுணுத்தார். கழுவுவதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். கருப்பட்டியை எடுத்துக்கொண்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. அது இல்லாமல் நெஞ்சு அடைக்கிறது என்று மூன்று பேர் வேலைக்கு வராமல் நின்றுவிட்டார்கள். நான் யோசித்தேன். கருப்பட்டி என்ன பாவம் செய்தது, கைதானே செய்தது? சுக்குத் தட்டிப் போட்டு, கருப்பட்டிக் காப்பி காய்ச்சி, பெரிய தூக்கில் வேப்பமரத்தடிக்கு அனுப்பினேன். கழுவின கையை நீட்டிக் காட்டினால்தான் டம்ளர். நின்றவர்கள் திரும்பி வந்தார்கள். சுக்குக் காப்பிக்காகவே வந்தோம் என்று சொல்லிக்கொண்டார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

எல்லோர் ஈறையும் பார்த்தேன். அண்ணாச்சிக்கும் அந்தக் கோடு இருந்தது. அவரையும் மதுரைக்கு அனுப்பினேன். அவர் போய்விட்டு வந்த பிறகு என்னைவிடக் கடுமையாகச் சோப்புக்குக் காவல் நின்றார்.

அடுத்தது சீட்டு. மெட்ராஸ் ஏஜெண்டுக்கு எஸ்.டி.டி. போட்டேன். தமிழ்ச் சீட்டில் ஈயம் என்று போடாதீர்கள், காரீயம் என்று போடுங்கள் என்றேன்.

"டிக்ஷனரியில லெட்னா ஈயம்னுதான் மேடம் இருக்கு."

"டிக்ஷனரி ரசம் வைக்காது சார். நாங்க வைக்கோம்."

அவருக்குப் புரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் சீட்டைப் பார்த்துத் தாழ்ப்பாள் வாங்கிய கதையைச் சொன்னேன். அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த சுருளில் நான் சொன்ன வாசகமே அச்சாகி வந்தது: "இதில் காரீயம் கலந்துள்ளது. இது ஈயப் பூச்சு அல்ல. குழந்தைகள் வாயில் வைக்க விடாதீர்கள். தொட்ட கையைக் கழுவுங்கள்." உள்ளூர்ச் சரக்குக்கும் அதையே ஒட்டினேன். எங்கள் மாவட்டத்தில் யாரும் கேட்காமலே தன் சரக்கின் குறையைத் தானே எழுதி ஒட்டியது நாங்கள்தான் என்று நினைக்கிறேன்.

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். "சீட்டைப் படிச்சிட்டுக் கீழ வச்சிட்டுப் போறாவ. நீயே ஒன் வயித்துல அடிச்சுக்கிட்டயே." கொஞ்ச காலம் விற்பனை படுத்ததும் உண்மைதான். பிறகு கிருஷ்ணன்கோவில் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த ஒரு ஹாஸ்டலுக்குச் சாமான் வாங்க வந்த என்ஜினீயர் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, "உள்ளதைச் சொல்ற சரக்கு" என்று அத்தனை கதவுக்கும் எங்களிடமே எடுத்தார். அண்ணன் போனில் குதித்தான். நான் குதிக்கவில்லை. அந்தச் சமயத்தில் எனக்கு வேறு ஒன்றுதான் முக்கியமாக இருந்தது.

ஆடி மாதம் மறுபடி மதுரை போய் ரத்தம் கொடுத்திருந்தோம். முடிவைக் கேட்கப் போன அன்று டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா இறங்கிருச்சு. இனிமே என்ன வேணாலும் சாப்பிடுங்க" என்றார். என் வீட்டுக்காரர் நம்பாமல், "காரம்?" என்று கேட்டார். "காரம், புளி, எண்ணெய், எல்லாம்."

திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றதும் எழுந்து, "இறங்கு" என்றார். ராஜபாளையத்துக்குத்தானே டிக்கெட் என்றேன். அவர் பாதி தூரம் போய்விட்டிருந்தார்.

எதிரே ஒரு மெஸ். இலை போட்டார்கள். காரக்குழம்பு வாளி வந்தது. அவர் சோற்றில் குழி பறித்து, "ஊத்துங்க, ஊத்துங்க" என்றார். குழி நிறைந்து இலைக்கு ஓடியது. பிசைந்தார். அந்தக் கை நிமிர்ந்து நின்று உருண்டை பிடித்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் கவளம் போனது. நான் அவர் வயிற்றைப் பார்த்தேன். முறுக்கவில்லை. இரண்டாவது போனது. மூக்கில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டு தின்றார். மறுசோறு வாங்கினார். பரிமாறுகிறவர் தயங்கி, "அண்ணாச்சி, குழம்பு கொஞ்சம் காரமாத்தான் இருக்கும்" என்றார்.

"இருக்கட்டும்யா. எனக்கு வயித்துல ஒண்ணும் இல்ல" என்றார், மெஸ் முழுக்கக் கேட்கும்படி.

பிறகு என் பக்கம் திரும்பினார். "என்ன ஏட்டி, என் வாயையே பாத்துக்கிட்டு இருக்க? நீயும் என்கூட மோர்ச்சோறு தின்னுக்கிட்டுத்தான கிடந்த. சாப்பிடு."

நானும் குழம்பு வாளியைக் கூப்பிட்டேன்.